மில்லிகிராம் பூசைக்கு வந்தார்

தூத்துக்குடியில் எதையும் சின்னதாக அளக்கிற வழக்கம் கிடையாது. உப்பு டன் கணக்கு, நிலக்கரி கப்பல் கணக்கு, மீன் பெட்டிக் கணக்கு, வம்பு தெருக் கணக்கு. இப்படிப்பட்ட ஊரில் உலகம் முழுவதையும் மில்லிகிராமில் அளந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கம்பெனி லேப் கெமிஸ்ட்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மில்லர்புரம் வரை எல்லோருக்கும் அவர் மில்லிகிராம்.

நான் அதே கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவன். இறாலும் கணவாயும் சூரையும் உறைந்து கப்பல் ஏறுவதற்கு முன்னால் என் காகிதங்கள் ஏற வேண்டும். காகிதத்தில் மில்லிகிராமின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்கி வாங்கியே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

சூரை மீனின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒரு அமினோ அமிலம் நிறைய உண்டு. படகில் ஐஸ் குறைந்தால் பாக்டீரியா புகுந்து அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். பார்வைக்கும் வாசனைக்கும் மீன் மாப்பிள்ளை போல இருக்கும். சாப்பிட்டவனுக்கு முகம் சிவந்து தலை சுற்றும். "மூக்கை நம்பாதீங்க தம்பி" என்பார் மில்லிகிராம். வெளியே லாரி ஹாரன் அடிக்கும், மானேஜர் கத்துவார், மில்லிகிராம் சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டு பல் குத்துவார். ரீடிங் வராமல் அவர் பேனா மூடியைத் திறந்ததாக வரலாறு இல்லை.

லேபில் இருந்த பெரிய தராசு போதாதென்று சட்டைப் பையில் ஒரு குட்டி எலக்ட்ரானிக் தராசும் வைத்திருந்தார். டீக்கடையில் வடையை வாங்கியதும் வாயில் போடமாட்டார், தராசில் போடுவார். நேற்றைக்கும் இன்றைக்கும் நான்கு கிராம் குறைகிறது என்று அவர் சத்தமாகச் சொன்ன நாளிலிருந்து கடைக்கார அண்ணாச்சி அவருக்கு டீ மட்டும்தான் கொடுப்பது என்று முடிவெடுத்தார். அவரோ, குறையைச் சொல்லவில்லை, உளுந்தில் எவ்வளவு புரதம் போகிறது என்று பார்த்தேன் என்று விளக்கம் சொல்லப் போய், டீயும் நின்றுபோனது.

மத்தியானச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் உட்காருவது தனிக் கொடுமை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் என் சீலா மீன் குழம்பைப் பார்த்துப் பாடம் ஆரம்பித்துவிடும். புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோர்த்த நீளச் சரம். அந்தச் சரம் கண்டபடி கிடக்காது, ஒரு முறையாக மடிந்து சுருண்டு உட்காரும். அடுப்புச் சூடும் புளியும் சேர்ந்து மடிப்பைக் குலைத்ததால்தான் கண்ணாடி மாதிரி இருந்த சதை வெள்ளையாக இறுகியது. இவ்வளவையும் கேட்டு முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். அவர் சைவம். என் மீனைத் தொடவும் மாட்டார், என்னை நிம்மதியாகத் தின்ன விடவும் மாட்டார்.

இந்த மனிதரைத் தேடி ஒரு நாள் ரெஜினா அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். ரெஜினா அக்கா இறால் தரம் பிரிக்கும் பகுதியின் சூப்பர்வைசர். அவர் வீட்டுக்காரர் மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அவர்களுக்கு ஒரே மகள் அன்சி, அப்போது ஐந்து வயது. பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த புண்ணியவதி டாக்டர், இந்தப் பிள்ளைக்குப் புரதம் ஆகாது என்று கண்டுபிடித்துவிட்டார். புரதத்தில் இருக்கும் இருபதில் ஒன்றான ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை அவள் உடம்பால் மாற்ற முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்தால் மூளையைத் தாக்கும். மீன், முட்டை, பால், பருப்பு, கோதுமை எதுவும் கூடாது. சோறுகூட அளந்துதான். மற்றபடி டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒரு மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்து மீன் வாசனைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு மீன் கிடையாது.

மதுரையில் உணவு நிபுணர் அம்மா ஒருவர் கொடுத்த பட்டியல் ரெஜினா அக்காவிடம் இருந்தது. அதில் ஸ்ட்ராபெர்ரி இருந்தது, முளைத்த பனங்கொட்டைக்குள் வெள்ளையாக இருக்கும் தவுன் இல்லை. பிள்ளை தவுன் கேட்கிறாள், கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் அக்கா கேட்க வந்தது. கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு நண்டு தின்றதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மில்லிகிராம் பட்டியலைப் பார்க்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஆயுத பூசைக்கு மெஷினில் போட்டுக் காய்ந்து கிடந்த பூச்சரத்தை எடுத்தார். அதை உள்ளங்கையில் சுருட்டிக் காட்டினார். பூ உதிர்ந்துகொண்டே இருந்தது, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இந்த ஃபினைல் அலனினை மாத்துறதுக்கு உடம்புல ஒரு என்சைம் இருக்கு. அதுவும் புரதந்தான், இந்த மாதிரி ஒரு சரந்தான். அதுல ஏதோ ஒரு பூ மாறிக் கட்டியிருக்கு ரெஜினாம்மா. அதனால சரியா சுருண்டு உக்கார மாட்டேங்குது, வேலையும் செய்யல. அந்த மாறின பூ உங்ககிட்ட ஒண்ணு, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு, பிறக்கும்போதே இருந்திருக்கு. நண்டும் காரணமில்ல, நீங்களும் காரணமில்ல. மாமியார்கிட்ட நான் வந்து சொல்லட்டா?"

சொன்னபடியே போனார். மாமியாருக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பூச்சரம் சுருட்டியிருக்கிறார். கிழவிக்கு என்ன புரிந்ததோ தெரியாது, இன்னொரு தடவை இந்த ஆள் வந்துவிடக் கூடாது என்ற பயத்திலாவது நண்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

அதிலிருந்து எங்கள் லேப் கெட்டுக் குட்டிச்சுவரானது. தவுன், நுங்கு, பனங்கிழங்கு, சவ்வரிசி, மரவள்ளி என்று தினம் ஒன்று வந்தது. எதுவானாலும் கந்தக அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, வரும் நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஃபினைல் அலனினைக் கணக்கிட்டு நோட்டில் எழுதுவார். எழுதியதை மதுரை அம்மாவுக்குப் போனில் அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் அன்சியின் தட்டுக்குப் போகும். மீன் சோதிக்கிற லேபில் என்னய்யா நுங்கு என்று மானேஜர் ஒரு நாள் பாய்ந்தார். மில்லிகிராம் அமைதியாக, நுங்கில் ஹிஸ்டமைன் இல்லை சார் என்று ரிப்போர்ட் கொடுத்தார்.

கேக் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் பல் மன்னிக்காது. அன்சியின் ஏழாவது பிறந்தநாளுக்கு முட்டையும் கோதுமையும் இல்லாத கேக் செய்கிறேன் என்று கிளம்பினார். முட்டைப் புரதமும் கோதுமைப் புரதமும்தான் கேக்குக்கு உள்ளே கம்பி கட்டி நிற்கும். அது இல்லாவிட்டால் கட்டடம் உட்கார்ந்துவிடும் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் விடவில்லை. சவ்வரிசி மாவில் ஒன்று, மரவள்ளி மாவில் ஒன்று என்று வாரா வாரம் ஒரு கட்டடம் இடிந்தது. இடிந்ததை எல்லாம் தின்று பார்க்கும் பொறுப்பு எனக்கு. ஆறாவது கேக்கில் என் கடைவாய்ப்பல் ஒன்று போனது. ஏழாவது கேக் ஓரளவு நின்றது. அன்சி அதை ஊதி, வெட்டி, ஒரு துண்டு தின்றுவிட்டு, நல்லாருக்கு மில்லி மாமா என்றாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கடை கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், மில்லிகிராமும் பார்த்தார்.

அன்சிக்கு ஒன்பது வயதில் புது நன்மை வந்தது. எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. வெள்ளை உடுப்பு, தலையில் நெட், கையில் மெழுகுவர்த்தி, வீட்டில் விருந்து. பிள்ளைகளுக்குப் பழக்குவதற்காக மந்திரிக்காத வெறும் அப்பத்தைக் கையில் கொடுத்து வாயில் போடச் சொல்லியிருக்கிறார் வகுப்பு நடத்தும் சிஸ்டர். அன்சி வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அப்பம் கோதுமை மாவில் செய்வது. கோதுமையே கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. இயேசு உனக்குக் கெடுதல் செய்வாரா என்று சிஸ்டர் கேட்டாராம்.

"இயேசு செய்ய மாட்டாரு சிஸ்டர். கோதுமை செய்யும்."

வகுப்பே சிரித்திருக்கிறது. அன்சி வீட்டுக்கு வந்து, எனக்குப் புது நன்மை வேண்டாம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அவள் அப்பா அதற்காகவே மாலத்தீவிலிருந்து வரும் தோணியைப் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தார். ரெஜினா அக்காவுக்கு இரண்டு பக்கமும் இடி. அப்பத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கேட்டால் விசுவாசக் குறைவு. கேட்காமல் கொடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம். ஃபாதரிடம் கேட்க வாய் வரவில்லை. லேபில் வந்து அழுதார்.

மில்லிகிராம் அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, அந்த அப்பம் எங்கே கிடைக்கும் தம்பி என்று கேட்டார். நான் ஒரு சரக்குக் காகிதத்தில் தலையைக் கொடுத்திருந்தேன். நிமிராமல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து வரிசையில் நில்லுங்கள், கையிலேயே தருவார்கள் என்று கேலியாகச் சொன்னேன். சொன்னதை அப்போதே மறந்தும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் கடைசி பெஞ்சில் நிற்கிற ஆள். நன்மை வாங்கும் நேரத்தில் வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால், சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு மில்லிகிராம் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடலாம் என்றால் பாட்டுச் சத்தம். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் அப்பத்தைக் கையில்தான் கொடுக்கிறார்கள். அவர் முறை வந்தது. ஃபாதர் வழக்கம்போல "கிறிஸ்துவின் உடல்" என்றார். ஆமென் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மில்லிகிராம், "ரொம்ப நன்றிங்க" என்றார்.

ஃபாதர் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இவர் தூண் ஓரமாகப் போய்விட்டார். பெஞ்சில் தராசை வைத்தார். அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தார். காகிதத்தின்மேல் அப்பத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். நற்கருணையை வாங்கியவர் அங்கேயே உட்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டு போவது எங்களுக்கு மகா பாவம். கோயிலில் ஃபாதருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னவே செய்யுதீரு?"

"ஒரு நிமிஷம். ரீடிங் நிக்கட்டும்."

பாட்டு நின்றுபோனது. உபதேசியார் அப்பத்தைத் தராசோடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்தி பீடத்துக்குக் கொண்டு போனார். ஃபாதர் அப்பத்தை எடுத்துத் தானே உட்கொண்டார். பிறகு காகிதத்தையும் தராசின் தட்டையும் பாத்திரத்துக்கு மேலே சாய்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒட்டியிருந்த துகளெல்லாம் விழுந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்து, அந்தத் தண்ணீரையும் குடித்தார். எங்கள் ஊரில் ஒரு துகளுக்காக இவ்வளவு மெனக்கெடும் இரண்டாவது ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

பூசை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் விசாரணை. வாசலில் கூட்டம். மந்திரவாதி என்றார் ஒருவர், போலீஸ் என்றார் இன்னொருவர். ரெஜினா அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, என் பிள்ளைக்காகத்தான் ஃபாதர், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஃபாதர் மில்லிகிராம் பக்கம் திரும்பி, என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே என்றார். தம்பிதான் வரிசையில் நிற்கச் சொன்னார் என்று அவர் என்னைக் கை காட்டினார். அறையில் இருந்த அத்தனை கண்ணும் என்மேல் விழுந்தது. நீ கடைசியாக எப்போது பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாய் என்று ஃபாதர் கேட்டார். பதினோரு வருஷக் கணக்கை அன்றே தீர்க்க வேண்டியதாயிற்று.

அது எங்களுக்கு அப்பம் இல்லை, கடவுளின் உடல் என்று ஃபாதர் விளக்கியபோது மில்லிகிராமின் முகம் சுண்டிப்போனது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஃபாதர். ஆனா துகள் எதுவும் கீழ விழலேல்ல? நான் பேப்பர் விரிச்சுத்தான் வச்சேன்."

"அதப் பாத்தேன். அதனாலதான் எனக்குக் கோவம் வரல."

ஃபாதர் அலமாரியிலிருந்து மந்திரிக்காத அப்பப் பெட்டியை எடுத்தார். எத்தனை வேண்டும் என்றார். சராசரி எடுக்கப் பத்து போதும் என்றார் இவர். பிறகு, எந்த பேட்ச் என்று கேட்டார். மடத்தில் அப்பம் சுடும் சிஸ்டரைத் தேடிப் போய், மாவும் தண்ணீரும் தவிர வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை சூரை மீன் ஐஸில் காத்திருந்தது. அப்பம் முதலில் கொதித்தது. மானேஜர் எட்டிப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், கதவைச் சாத்திவிட்டுப் போனார். மூன்று தடவை செய்து பார்த்தும் விடை ஒன்றுதான்: ஓர் அப்பத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் ஃபினைல் அலனின். அவளுடைய ஒரு நாள் அளவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மதுரை அம்மா போனில் சிரித்துவிட்டு, முதலிலேயே கேட்டிருந்தால் தாராளமாகக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேனே என்றார். போனில் எடை தெரியாதே மேடம் என்றார் இவர்.

ஆனால் அன்சி லேசில் மசியவில்லை. அம்மா சொன்னாள், ஃபாதர் சொன்னார், கேட்கவில்லை. மில்லி மாமா எழுதித் தரட்டும் என்றாள். வெளிநாட்டுக்குப் போகும் மீனுக்குக் கொடுக்கிற அதே ரிப்போர்ட் தாளில் நான் டைப் அடித்தேன். மீன் வகை என்ற இடத்தில் கோதுமை, பிடித்த இடம் என்ற இடத்தில் மடத்துக் குசினி, பெறுபவர் என்ற இடத்தில் அன்சி. முடிவு: உண்ணத் தகுந்தது. மில்லிகிராம் இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார். இருபது வருஷத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் இன்னொரு தடவை வாசித்தது அந்த ஒரு தாளைத்தான்.

புது நன்மை அன்று கோயிலில் நாற்பது பிள்ளைகள். மில்லிகிராம் என்னோடு கடைசி பெஞ்சில். வரிசைக்குப் போகமாட்டேன் தம்பி என்று உட்காரும்போதே சொன்னார். தோணியில் வந்த அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அன்சி கை நீட்டி வாங்கினாள், ஒரு நொடி கையையே பார்த்தாள், வாயில் போட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் அவள் வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தாள். முகமெல்லாம் பயம்.

"மில்லி மாமா, அது அண்ணத்துல ஒட்டிக்கிட்டு. நாக்கால தள்ளியும் ரொம்ப நேரம் போகல. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

மில்லிகிராம் பதறிப்போய் என்னைப் பார்த்தார். கோதுமைப் புரதம் ஈரம் பட்டால் ஏன் ஒட்டும் என்று அவருக்கு ஒரு மணி நேரம் பேசத் தெரியும். எல்லோருக்கும் ஒட்டுமா என்பது தெரியாது. நான்தான் சொன்னேன், அது எல்லோருக்கும் ஒட்டும் என்று.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான். எனக்கும் ஒட்டும், உங்கம்மைக்கும் ஒட்டும், அந்தா நிக்காருல்லா உபதேசியார், அவருக்கும் ஒட்டும்."

அன்சி கோயிலுக்குள் நின்ற கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நாற்பது பிள்ளைகளும் வாய்க்குள் நாக்கைச் சுழற்றிக்கொண்டுதான் நின்றார்கள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. பிறகு மில்லிகிராமிடம் திரும்பி, உங்களுக்கும் ஒட்டுமா மாமா என்றாள். நான் அதைச் சாப்பிடக் கூடாதும்மா என்றார் அவர்.

பிறந்த நாளிலிருந்து ஊரார் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வார்த்தையை அந்தப் பிள்ளை அன்று முதல் தடவையாக இன்னொருவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னாள்.

"பாவம் மாமா நீங்க."

மில்லிகிராம் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது.